கீழ்வீட்டுச் செங்கல் ஜல்லி

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஆயுத பூசைக்கு முதல் நாள் காலை, திண்டிவனத்தில் ஒரு குழந்தை மருத்துவரின் ஆஸ்பத்திரியில், எட்டடி மீன் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நிறுத்தப்பட்டது. காற்று விடும் சின்னப் பம்ப் மட்டும் ஓடியது.
2. தொட்டிக்கு அடியில் இருந்த வடிகட்டிப் பெட்டியிலிருந்து செங்கல் ஜல்லி முழுவதும் வெளியே எடுக்கப்பட்டது.
3. ஜல்லியைச் சலவை சோடா போட்டுத் தேய்த்து, ஏழு தண்ணீர் அலசி, மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தார்கள்.
4. பூசையன்று மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரி, கடலை படைத்தார்கள்.
5. விஜயதசமி காலையில் ஜல்லி பழையபடி பெட்டிக்குள் போனது. மோட்டார் போடப்பட்டது. தண்ணீர் ஒழுங்காக ஓடியது.
6. ஐந்தாம் நாள் மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன.
7. எட்டாம் நாளுக்குள் இருபத்துமூன்று மீன்களில் பதினேழு செத்துப்போயின.
8. ஆயா அஞ்சலையை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பாலிடெக்னிக்கின் மலருக்காக, வேலை பார்த்து முடித்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று இப்போது படிக்கிற மாணவிகள் கடிதம் போட்டிருந்தார்கள். முடித்தவர்கள் என்றால் தலை நரைத்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு முப்பது வயது. விழுப்புரத்தில் ஒரு பம்ப்செட் பட்டறையின் வரைபட அறையில் ஒன்பது வருடம் இருந்தேன். போன மாதம் அந்த அறையை மூடிவிட்டார்கள். பட்டறை இனிமேல் வெளியூரில் செய்த பம்பை வாங்கி விற்கும் கடை. கடைக்கு வரைபடம் வேண்டாம். ஆகவே நானும் முடித்தவள்தான்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிவில் டிப்ளமா. வகுப்பில் மூன்று பெண்கள். மற்ற இருவருக்கும் அரசு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ஸ்டேஷனுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு சாய்வு மேசை. ஒன்பது வருடத்தில் நான் வரைந்தவை: கிணற்று மோட்டாருக்கான மேடைகள், கரும்புத் தோட்டத்துக்குப் போகும் குழாய்ப் பாதைகள், தண்ணீர்த் தொட்டிகளின் இரும்புத் தாங்கிகள். எல்லாம் ஒரே மாதிரி. வித்தியாசமாக வந்தது இந்த மீன் தொட்டி ஒன்றுதான். மலருக்கு எதை எழுதுவது என்று உட்கார்ந்தபோதும் இது ஒன்றுதான் வந்தது.

எங்கள் மேனேஜர் சபாபதி சார். யாருடைய வேலையையும் அவர் தப்பு என்று சொன்னதில்லை. காதில் ஒரு பென்சில் இருக்கும். பிளேடால் கூராகச் சீவியிருப்பார். வரைபடத்தை என் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகவே படிப்பார். படித்து முடித்ததும் வேண்டாததன் மேல் மெல்லிசாக ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான். கோடு ஏன் விழுந்தது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு எப்போதும் ஒரே கேள்வி. "இதுல மொதல்ல எது கெட்டுப்போவும்?" பதில் சொல்லத் தெரியாவிட்டால் படம் மேசையிலேயே கிடக்கும். முதல் வருடம் இந்தக் கேள்விக்குப் பயந்தே நான் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட ஆரம்பித்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

திண்டிவனத்து டாக்டர், சபாபதி சாருக்குத் தெரிந்தவர். ஊசி போடும் அறைக்கு வெளியே பிள்ளைகள் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள், பார்க்க ஒரு பெரிய மீன் தொட்டி இருந்தால் அழுகை நிற்கும் என்று அவர் எண்ணம். கோட்டக்குப்பத்திலிருந்து அவரிடம் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஒருவர் குவைத்திலிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையும், கண்ணாடி ஒட்டும் பசை ஆறு டியூபும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பத்திரிகையில் ஒரு படம். மேலே மீன் தொட்டி. அதன் அடியில் மறைவாக இன்னொரு தொட்டி. மேல் தொட்டித் தண்ணீர் தானாக வழிந்து கீழே வரும், வடிகட்டிகளைக் கடக்கும், மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். விளக்கம் ஜெர்மன் மொழியில் இருந்தது.

சபாபதி சார் படத்தைத் தலைகீழாகப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "தண்ணி மேல போவுது, கீழ வருது. பம்ப்செட் தானே," என்றார்.

எனக்கு அது பம்ப்செட்டாகத் தெரியவில்லை. மூன்றாம் வருடத்தில் படித்த சாக்கடைச் சுத்திகரிப்புப் பாடம் நினைவுக்கு வந்தது. கல் நிரப்பிய வட்டத் தொட்டியின் மேல் சாக்கடைத் தண்ணீரைச் சொட்டவிடுவார்கள். நாளடைவில் கல்லின் மேல் வழவழப்பாக ஒரு படலம் உண்டாகும். அந்தப் படலம் உயிருள்ளது, கிருமிகளால் ஆனது. அழுக்கைத் தின்று தண்ணீரைத் திருத்துவது கல் அல்ல, அந்தப் படலம்தான். மீன் போடும் கழிவும் சாக்கடைதானே. பரீட்சையில் ஆறு மதிப்பெண் வாங்கித் தந்த பாடத்தைக் கொண்டு மீன் தொட்டிக்கு வடிகட்டி செய்யலாம் என்று முடிவு செய்தேன். யாரிடமும் சாக்கடை என்று சொல்லவில்லை.

செய்த விதத்தைச் சொல்கிறேன். மேல் தொட்டி கோண இரும்புச் சட்டத்தில் தடித்த கண்ணாடி, உள்மூலைகளில் குவைத் பசை. கீழ்ப் பெட்டிக்குக் கடப்பைக் கல். நாலு பலகைக் கல்லை நிறுத்தி, சிமெண்டால் இணைத்தோம். புதுச் சிமெண்டில் மீன் தாங்காது. அதனால் மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்து, நாலு நாளுக்கு ஒரு தடவை இறைத்துக் கொட்டினோம். பெட்டிக்குள் மூன்று தட்டு. மேல் தட்டில் கடற்பஞ்சு போன்ற ரப்பர் பஞ்சு, கண்ணுக்குத் தெரிகிற குப்பையைப் பிடிப்பதற்கு. நடுவில் துளை போட்ட பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர் மழைபோலப் பிரிந்து விழுவதற்கு. அதன் கீழே ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் ஜல்லி. சூளையில் நன்றாக வெந்த செங்கலை உடைத்துச் சலித்தது. பெட்டியின் ஓரத்தில் தடுத்த கடைசி அறையில் ஏர் கூலரில் வைக்கிற சின்ன மோட்டார்.

மேல் தொட்டியிலிருந்து தண்ணீரை இறக்குவதுதான் சிக்கல். அத்தனை தடித்த கண்ணாடியில் துளை போட விழுப்புரத்தில் ஆள் இல்லை. அதனால் தொட்டி விளிம்புக்கு உள்ளே ஒரு சின்னப் பெட்டி, வெளியே ஒரு சின்னப் பெட்டி தொங்கவிட்டு, இரண்டுக்கும் நடுவே வளைந்த குழாய் போட்டேன். கரண்ட் போனால் தண்ணீர் பெட்டியின் விளிம்போடு நின்றுவிடும். குழாய் காலியாகாது. கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பிக்கும். அந்த வருடம் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கரண்ட் போகும். அதைத் தாங்காத வடிகட்டியால் பயனில்லை.

சோதனை போட்ட அன்று வேறொன்றை மறந்திருந்தேன். மோட்டாரிலிருந்து மேலே போகிற குழாயின் வாய் தொட்டியில் ஆழமாக மூழ்கியிருந்தது. மெயினை நிறுத்தியதும் தண்ணீர் அதே குழாய் வழியாகப் பின்வாங்கிக் கீழ்ப் பெட்டியை நிரப்பி, கூடத்தில் வழிந்தது. வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகள் மிதந்தன. ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கைதட்டியது. டாக்டரின் திட்டம் அன்றுதான் முதலில் வேலை செய்தது.

துடைப்பத்தோடு வந்தவர்தான் அஞ்சலையக்கா. ஆஸ்பத்திரியின் ஆயா. நாற்பது வயது இருக்கும். செஞ்சி சாலையில் உள்ள வல்லத்துக்குப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். சொந்த நிலம் இல்லாத குடும்பம். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கு இந்த வேலை கிடைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

"எஞ்சினீரம்மா, மீனுக்குத் தண்ணி கட்றீங்களா, கயினிக்குப் பாய்ச்சறீங்களா?" என்றார்.

"ஒரு ஓட்டை போட மறந்துட்டேங்க்கா."

"ஓட்டை போட மறந்ததுக்கே இம்மாந் தண்ணியா? போட்டிருந்தா செஞ்சி வரைக்கும் போயிருக்கும் போல."

குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டேன். மட்டம் சற்று இறங்கியதும் அதன் வழியே காற்றுப் புகுந்து பின்வாங்குவது நின்றது. இருபது தடவை மெயினை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். அக்கா துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே இருபது தடவையும் நின்றிருந்தார்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கே வந்தது. இரண்டு சனிக்கிழமை திண்டிவனம் போய் என்னென்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்டினேன். பஞ்சை எடுத்துப் பிழிவது, தீனி எவ்வளவு, குறைந்த தண்ணீரை எப்படி ஊற்றுவது. அக்காவுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், அடுத்த தடவை கை அப்படியே செய்யும். மேல் தொட்டிக்கு மேலூடு என்றும் கீழ்ப் பெட்டிக்குக் கீழூடு என்றும் பெயர் வைத்துவிட்டார். மேல்வீட்டில் மீன் குடியிருக்கிறது, கீழ்வீடு காலி. "அங்க யாரும் இல்ல, சும்மா தண்ணி வந்து போற ஊடு," என்று வருகிற தாய்மார்களிடம் கதவைத் திறந்து காட்டுவார். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. சிரித்தேன். பட்டறையிலும் அப்படியே சொல்ல ஆரம்பித்தேன்.

தொட்டியின் பக்கத்தில் மாட்டுவதற்கு ஒரு பலகை எழுத வேண்டியிருந்தது. நான் எட்டு வரி எழுதினேன். முதல் ஏழும் செய்ய வேண்டியவை. எட்டாவது இது: கீழ்ப் பெட்டியில் உள்ள செங்கல் ஜல்லியைக் கழுவக் கூடாது, அதில் நல்ல கிருமிகள் உள்ளன.

சபாபதி சார் எதிர்ப்பக்கம் நின்று படித்தார். பென்சிலை எடுத்து எட்டாவது வரியின் மேல் கோடு போட்டார். அன்று நான் காரணம் கேட்டேன். கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"கொழந்தைங்க ஆஸ்பத்திரி. கிருமி இருக்குது, கழுவாதீங்கன்னு போர்டு மாட்டறதா? படிச்சா ஒருத்தன் புள்ளைய உள்ள தூக்கினு வருவானா?"

சரி என்று பட்டது. இப்போதும் அவர் சொன்னது தவறான பேச்சு என்று தோன்றவில்லை. கதவு மூடிய பெட்டியை யார் பிரித்துக் கழுவப்போகிறார்கள் என்று நானும் நினைத்தேன். ஏழு வரியோடு பலகை போனது.

பிறகு வழக்கமான கேள்வி வந்தது. மொதல்ல எது கெட்டுப்போவும்? மோட்டார் என்றேன். ம் என்றார்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. செங்கல் ஜல்லி பழுப்பாகி, தொட்டால் வழுக்கியது. தண்ணீர் தெளிவாக இருந்தது. பிள்ளைகள் மீன்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் பெரியதாக ஒன்று இருந்தது. அதற்குக் கம்பவுண்டரின் பெயர்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்று கருவி எதையும் அழுக்கோடு வைக்க மாட்டார்கள். பட்டறையில் சுத்தியல் முதல் லாரி வரை கழுவுவோம். என் ஸ்கேலையும் செட்ஸ்கொயரையும் நானே கழுவிப் பொட்டு வைத்தேன். அதே நாள் திண்டிவனத்திலும் ஆஸ்பத்திரி முழுவதும் கழுவுவார்கள் என்பதும், அஞ்சலையக்காவின் பொறுப்பில் இருக்கும் ஒரே மிஷின் இந்த வடிகட்டிதான் என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் டாக்டரிடமிருந்து போன் வந்தது. நான் போனபோது மூன்று செத்திருந்தன. ஏழு வரியையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பஞ்சு சுத்தம். மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் அளவு சரி. தீனி மிஞ்சவில்லை. தப்பு எதுவும் இல்லை. கடைசியாகக் கீழ்ப் பெட்டியின் கதவைத் திறந்தேன்.

ஜல்லி சிவப்பாக இருந்தது. சூளையிலிருந்து அன்று காலை வந்த மாதிரி. ஒன்றைக் கையில் எடுத்தேன். வழுக்கவில்லை.

பக்கத்தில் நின்ற அக்காவின் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒரே வழவழன்னு கெடந்துதும்மா. ரெண்டு நாளு தேய்ச்சேன். விரலு தோலு உரிஞ்சிபோச்சி, பாருங்க," என்று கையை நீட்டினார்.

டாக்டரிடம் விஷயத்தை விளக்கினேன். தண்ணீரைத் திருத்திக்கொண்டிருந்த படலம் போய்விட்டது, மறுபடி உண்டாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை பாதித் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும் என்றேன். யார் கழுவியது என்று கேட்டார். அஞ்சலை என்று கம்பவுண்டர் சொன்னார். கம்பவுண்டரின் பெயர் கொண்ட மீன் மறுநாள் செத்தது. ஊசி அறைக்கு வெளியே பிள்ளைகள் அதற்காகவே அழுதார்களாம். எட்டாம் நாள் டாக்டர், சபாபதி சாருக்குப் போன் செய்து, கோளாறு வடிகட்டியிலா, ஆளிடமா என்று கேட்டார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். "வடிகட்டில ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றார் சார். அது உண்மை. வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை அக்காவை நிறுத்திவிட்டார்கள்.

பலகைக்காக நான் எழுதிய தாள் என் இழுப்பறையில் இருந்தது. எட்டு வரி, எட்டாவதின் மேல் பென்சில் கோடு. பன்னிரண்டு நாள் அதை எடுக்கவில்லை. காரணங்களையும் பட்டியலாகவே வைத்திருந்தேன். சார் எனக்கு மேலதிகாரி. பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். எனக்குப் பிறகு இன்னொரு பெண்ணை எடுக்கலாமா என்று அப்போது முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். மூன்றுமே உண்மையான காரணங்கள்தான். பன்னிரண்டு நாளும் திண்டிவனம் போய்த் தண்ணீர் மாற்றினேன். கூடத்தை வேறு யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் தாளை எடுத்துக்கொண்டு போய் சார் முன்னால் வைத்தேன். இந்தத் தடவை அவருக்கு நேராகப் படிக்கிற மாதிரி. அவர் எட்டு வரியையும் படித்தார்.

"டாக்டர்கிட்ட காட்டப்போறியா?"

"ஆமா சார்."

"காட்டு. கோடு என்னுதுன்னு சொல்லு." பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "நீ ஏன் அப்பவே சண்டை போடலன்னு அவர் கேப்பாரு. அதுக்கும் பதிலு யோசிச்சி வச்சிக்க."

டாக்டர் அதைக் கேட்கவில்லை. தாளைப் படித்துவிட்டு, அந்த அம்மாவை வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். வெளியே நாலு பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். அவருக்கு நேரம் இல்லை.

செஞ்சி பஸ்ஸில் ஏறி வல்லத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். மழை விட்டிருந்தது. பிடுங்கிய மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடிகளைக் குவித்துப் போட்டு, பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாளை எடுத்து விரித்தேன்.

"இந்த எட்டாவது வரியைப் பலகைல எழுதாம வுட்டுட்டோம்க்கா. ஜல்லியைக் கழுவக் கூடாதுன்னு எழுதியிருந்தேன். அது இருந்திருந்தா நீங்க கழுவியிருக்க மாட்டீங்க. தப்பு எங்களோடது. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் தாளைப் பார்த்தார். கை காய் ஆய்வதை நிறுத்தவில்லை.

"எனக்கு எழுத்து தெரியாது எம்மா."

ஏழு வேலையையும் பிசகாமல் செய்தாரே என்று கேட்டேன்.

"நீ செஞ்சதப் பாத்துக்கினு இருந்தேன். நீ பஞ்சப் புழிஞ்ச, நானும் புழிஞ்சேன். கழுவாம இருக்கறத நீ எப்பிடி செஞ்சி காட்டுவ? வாயத் தொறந்து சொல்லணும்." ஒரு கை காயைக் கூடையில் போட்டார். "கீழூட்ல யாரும் இல்லன்னு உன் எதுருக்கவே எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன். இருக்காங்கன்னு ஒரு வார்த்த சொன்னியா? சிரிச்சிக்கினு போன."

ஆஸ்பத்திரியில் நீங்க என்று பேசியவர் இங்கே நீ என்று பேசினார். அதுதான் பொருத்தமாக இருந்தது. நான் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். எதிரில் இருந்த ஒருத்தி, படிச்சவங்க சும்மா குந்திக்கினு இருந்தா காய் எப்ப தீரும் என்றாள். நானும் ஒரு செடியை எடுத்து ஆய்ந்தேன். அந்தச் செடி முடிந்ததும் அக்கா கேட்டார்.

"மிச்சம் எத்தினி மீனு இருக்குது?"

"ஆறு."

"ஆறா." இன்னும் இரண்டு செடி ஆய்ந்தார். "மல்லாட்டை வேலை நாலு நாள்ல முடிஞ்சிடும். திங்கக்கெழம வர்றேன்னு டாக்டராண்ட சொல்லு."

திங்கட்கிழமை வந்தார். நானும் போயிருந்தேன். கீழ்ப் பெட்டியின் கதவைத் திறந்து, ஜல்லியில் மறுபடி பிடித்திருந்த இலேசான பழுப்பை அவர் விரலால் தொடவைத்து, இதுதான் குடியிருக்கிறது என்று வாயால் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை, "செவுடியாம்மா நானு?" என்றார்.

சபாபதி சார் அதற்குப் பிறகு என் வரைபடங்களில் கோடு போடவில்லை. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். கேள்வியை மட்டும் விடவில்லை. அது வந்தால் நான் மோட்டார், குழாய், இணைப்பு என்று சொல்வதை நிறுத்தியிருந்தேன். இதை ஓட்டப்போகிறவர் யார் என்று முதலில் கேட்டுவிட்டு வருவேன். அவரைப் பார்த்துப் பேசிவிட்டு வருவேன். அதற்குப் பஸ்ஸில் போக வர அரை நாள் போய்விடும். வேலை மெதுவாக நடக்கிறது என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. சார் இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றார். நான் வரைபட அறையை மூடும்வரை இருந்தேன்.

இன்றைய நிலை இது. தொட்டி ஓடுகிறது. பழைய ஆறில் நாலு உயிரோடு இருக்கின்றன, புதிதாக விட்டவை பதினொன்று. கூலர் மோட்டார் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. பலகையில் இன்னும் ஏழு வரிகள்தான். அஞ்சலையக்கா ஆயுத பூசைக்குக் கீழ்வீட்டின் கதவுக்கு வெளியே பொட்டு வைக்கிறார், கதவைத் திறப்பதில்லை. என் சாய்வு மேசையை ஒரு தச்சர் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு இப்போது வேலை இல்லை.